‘120 விநாடிகளுக்கு மேல் தடைப்பட்டுள்ளது’: மெதுவான வெளிவட்டால் லினக்ஸ் உறையும்போது என்ன பார்ப்பது

வெளிவட்டு ஒன்றை இணைத்துப் பெரிய கோப்புகளை நகலெடுக்கிறீர்கள். சற்று நேரத்தில் உலாவி அசையவில்லை, உரைத் திருத்தி சேமிக்க மறுக்கிறது, சுட்டி மட்டும் நகர்கிறது. டிமெசேஜ் கட்டளையில் கெர்னலின், அதாவது லினக்ஸின் உட்கருவின், பதிவைத் திறந்தால், இன்ன எண்ணுள்ள பணி 120 விநாடிகளுக்கு மேல் தடைப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி நிற்கிறது. அதன் கீழே புரியாத பெயர்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

இதைப் பார்த்ததும் கெர்னலே பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். கே-ஹங்-டாஸ்க்-டி என்ற கெர்னல் இழை ஒன்று, குறுக்கிட முடியாத உறக்கத்தில், அதாவது காத்திருப்பது கிடைக்கும்வரை எதனாலும் எழுப்ப முடியாத நிலையில், கிடக்கும் பணிகளை அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. 120 விநாடிகளாக ஒருமுறைகூட விழிக்காத பணி கண்ணில் பட்டால் பதிவில் எழுதிவிடுகிறது. அது செய்வது அவ்வளவுதான். பணியைத் தடுத்தது அந்த இழை அல்ல. ஒரு சாதனத்தின் பதிலுக்காக யாரோ வெகுநேரம் காத்திருக்கிறார்கள் என்பதே அந்த வரியின் பொருள்.

அதே செய்தியின் கடைசியில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் சுழியம் எழுதினால் இந்த எச்சரிக்கை வராது என்று கெர்னலே சொல்லியிருக்கும். பலர் அதைத் தீர்வு என்று நம்பிச் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காத்திருப்பு அப்படியே இருக்கும், அது நடக்கிறது என்று சொல்லும் ஒரே குரல்தான் போய்விடும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இயல்பு நிலையில் கெர்னல் இந்த எச்சரிக்கையைப் பத்து முறைதான் எழுதும், பிறகு தானாகவே மௌனமாகிவிடும். எனவே செய்தி நின்றதை வைத்துச் சிக்கல் தீர்ந்ததாக எண்ண வேண்டாம். சோதனையும் 120 விநாடிகளுக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்பதால், முதல் எச்சரிக்கை வருவதற்குள் பணி ஏறக்குறைய நான்கு நிமிடங்கள்கூடக் காத்திருந்திருக்கலாம்.

கட்டளைகளையும் அமைப்புகளையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியது

கேபிளில் கை வைக்கும் முன் ப்ராக் அடைவில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பைப் பாருங்கள். அதில் டர்ட்டி, ரைட்பேக் என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது, நினைவகத்தில் காத்திருந்து இன்னும் வட்டுக்குப் போகாத தரவின் அளவு. இரண்டாவது, இந்தக் கணத்தில் வட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் அளவு. இரண்டையும் சேர்த்து ‘பாக்கி’ என்று சொல்லிக்கொள்வோம். வாட்ச் கட்டளையால் இந்த இரு வரிகளையும் விநாடிக்கொருமுறை பார்த்துக்கொண்டிருங்கள்.

பாக்கி குறைந்துகொண்டே வந்தால் சாதனம் உயிரோடு இருக்கிறது, மெதுவாக எழுதுகிறது. பொறுத்திருப்பதே அப்போதைய மருந்து. பாக்கி அசையாமல் நின்று, கெர்னல் பதிவில் யுஎஸ்பி பிழைகள் வந்துகொண்டிருந்தால் சாதனமோ கேபிளோ பழுது. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒருமுறை இதைப் பார்க்காமல், எண் குறைந்துகொண்டிருந்த வேளையிலேயே பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்கினேன். மறுபடி இணைத்தபோது வட்டில் கோப்புகளின் பெயர்கள் இருந்தன, பலவற்றின் உள்ளடக்கம் இல்லை. அன்றிலிருந்து மெம்இன்ஃபோ பார்க்காமல் எந்த வட்டையும் தொடுவதில்லை.

அறிகுறி: நகலெடுப்பு அதிவேகமாகத் தொடங்கி, பிறகு கணினி முழுவதும் நின்றுவிடுகிறது

மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். காரணம் வட்டின் பழுது அல்ல, கெர்னலின் தாராளம்.

நீங்கள் எழுதும் தரவு நேராக வட்டுக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் தங்குகிறது. பின்னணியில் கெர்னலின் எழுத்து இழைகள் அதை எடுத்து மெல்ல வட்டில் எழுதுகின்றன. எவ்வளவு தங்கலாம் என்பதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. டர்ட்டி பேக்கிரவுண்ட் ரேஷியோ என்ற முதல் வரம்பு 10 சதவீதம், அதை எட்டியதும் பின்னணி எழுத்து முடுக்கப்படுகிறது. டர்ட்டி ரேஷியோ என்ற இரண்டாவது வரம்பு 20 சதவீதம், அதை நெருங்க நெருங்க, எழுதும் நிரல்களையே கெர்னல் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. கணக்கிடப்படுவது மொத்த நினைவகத்தில் அல்ல, பயன்படுத்தக் கிடைக்கும் நினைவகத்தில்.

16 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இந்த 20 சதவீதம் சுமார் 3 ஜிபி வரை போகும். விநாடிக்கு 500 எம்பி எழுதும் உள்வட்டுக்கு 3 ஜிபி என்பது ஆறு விநாடி வேலை. விநாடிக்கு 5 எம்பி மட்டுமே எழுதும் பென் டிரைவுக்கு அது 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். 120 விநாடி எல்லையை இது எளிதாகத் தாண்டிவிடுகிறது. நகலெடுப்பின் தொடக்க வேகமும் நினைவகத்தில் கொட்டிய வேகம்தான், வட்டின் வேகம் அல்ல.

கணினி முழுவதும் ஏன் நிற்கிறது என்றால், அந்த வரம்பு எல்லாச் சாதனங்களுக்கும் பொது. ஒரு பென் டிரைவின் பாக்கியே வரம்பை நிரப்பிவிட்டால், உள்வட்டில் இரண்டு வரி சேமிக்க வந்த உரைத் திருத்தியும் வரிசையில் நிற்க நேரும். சாதனத்தின் வேகத்துக்கு ஏற்பப் பங்கு பிரிக்க கெர்னல் முயல்கிறது. ஆனால் புதிதாக இணைத்த வட்டின் வேகத்தை அது அறிந்துகொள்வதற்குள் பாக்கி மலைபோல் ஏறிவிடுகிறது. 2013இல் கெர்னல் உருவாக்குநர்களிடையே இந்தச் சிக்கல் விரிவாகப் பேசப்பட்டது. சதவீதக் கணக்கு, நினைவகத்தை மெகாபைட்டில் எண்ணிய காலத்தில் பிறந்தது என்று லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது சுட்டிக்காட்டினார். நினைவகம் ஆயிரம் மடங்கு பெருகியது, பென் டிரைவின் எழுத்து வேகம் அப்படிப் பெருகவில்லை. ஆனால் சதவீதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தீர்வு, வரம்பைச் சதவீதத்திலிருந்து பைட்டுக்கு மாற்றுவது. டர்ட்டி பேக்கிரவுண்ட் பைட்ஸ், டர்ட்டி பைட்ஸ் என்று இரண்டு அமைப்புகள் இதற்காகவே உள்ளன. பைட்டில் மதிப்புக் கொடுத்தால் சதவீத அமைப்பு தானாகச் சுழியமாகிவிடும், இரண்டும் சேர்ந்து இயங்கா. எவ்வளவு வைப்பது என்பதற்கு நான் பின்பற்றும் கணக்கு எளியது: உங்கள் மிக மெதுவான சாதனத்தின் உண்மையான எழுத்து வேகத்தை, நீங்கள் பொறுத்துக்கொள்ளக்கூடிய விநாடிகளால் பெருக்குங்கள். விநாடிக்கு 10 எம்பி, பொறுமை 10 விநாடி என்றால் வரம்பு 100 எம்பி. பின்னணி வரம்பை அதில் மூன்றில் ஒரு பங்காக வைக்கலாம். பென் டிரைவ்களை மட்டுமே பயன்படுத்துபவர்கள் வரம்பை 48 எம்பியாகவும் பின்னணி வரம்பை 16 எம்பியாகவும் வைத்தால் போதும், பைட்டில் அவை 50331648, 16777216. முதலில் சிஸ்சிடிஎல் கட்டளையால் தற்காலிகமாக மாற்றிப் பாருங்கள். பயன் தெரிந்தபின் இடிசி அடைவில் உள்ள சிஸ்சிடிஎல் டாட் டி அடைவில் ஒரு கோப்பாக எழுதி நிலைப்படுத்துங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. இந்த வரம்பு வேகமான உள்வட்டையும் சேர்த்துக் கட்டும். ஏராளமான சிறு கோப்புகளை எழுதி உடனே அழிக்கும் வேலைகள், பெரிய நிரல்களைத் தொகுப்பது போன்றவை, சற்றுத் தளரலாம். அதை விரும்பாதவர்கள் அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் வரம்பு வைக்கலாம். சிஸ் அடைவின் கிளாஸ் பகுதியில் பிடிஐ என்ற இடத்தில், ஒவ்வொரு சாதனத்துக்கும் 8:16 போன்ற எண்ணில் ஓர் அடைவு இருக்கும். அங்கே மேக்ஸ் ரேஷியோ என்ற கோப்பில் 1 என்று எழுதினால் பொது வரம்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் அந்தச் சாதனம் எடுத்துக்கொள்ளாது. மொத்தப் பாக்கி குறைவாக இருக்கும்போது கெர்னல் இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. எப்போதும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டுமானால் ஸ்ட்ரிக்ட் லிமிட் என்ற கோப்பில் 1 எழுத வேண்டும். அது கெர்னல் 6.2 முதல் கிடைக்கிறது. வட்டைக் கழற்றியதும் இவை மறைந்துவிடும், ஆகவே சாதனம் இணைக்கப்படும்போதெல்லாம் தானாக இயங்கும் யூடெவ் விதியாக எழுதி வைப்பது நல்லது.

பலர் ஐஓநைஸ் கட்டளையால் நகலெடுப்பின் முன்னுரிமையைக் குறைத்துப் பார்த்துப் பயனில்லை என்று வருந்துகிறார்கள். பயன் இருக்கவும் முடியாது. வட்டில் உண்மையில் எழுதுவது உங்கள் நகல் கட்டளை அல்ல, கெர்னலின் எழுத்து இழை. அதைவிட ஆர்சிங்க் கட்டளையில் வேக வரம்பு வைத்து, வட்டின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே ஓடவிடுவது எவ்வளவோ மேல். வட்டுப் பிம்பத்தை டிடி கட்டளையால் எழுதுபவர்கள் ஓஃபிளாக் டைரக்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரவு நினைவகத்தில் தங்காமல் நேரே வட்டுக்குப் போகும், பாக்கியே சேராது.

அறிகுறி: நகல் 100 சதவீதம் முடிந்தது, ஆனால் வட்டைக் கழற்ற முடியவில்லை

மேலே சொன்னதன் வால்தான் இது. முன்னேற்றப் பட்டை நினைவகத்துக்குள் எழுதியதைக் காட்டுகிறது. அன்மவுண்ட் கட்டளை பாக்கி தீரும்வரை திரும்பாது, நேரம் நீண்டால் அதுவே தடைப்பட்ட பணியாகப் பதிவில் வரும். பழுது ஒன்றுமில்லை, பாக்கியைப் பார்த்தபடி காத்திருங்கள். இன்னொரு டெர்மினலில் சிங்க் கட்டளையைத் தட்டி விரைவுபடுத்த முயலாதீர்கள். அது எல்லா வட்டுகளுக்காகவும் காத்திருக்கும், பதிவில் இன்னொரு தடைப்பட்ட பணி சேர்வதுதான் மிச்சம். குறிப்பிட்ட வட்டுக்கு மட்டும் வேண்டுமென்றால் சிங்க் கட்டளையோடு ஹைபன் எஃப் சேர்த்து அந்த வட்டின் பாதையைக் கொடுங்கள்.

ஃபேட் வடிவப் பென் டிரைவ்களுக்கு ஃபிளஷ் என்ற மவுண்ட் விருப்பம் உண்டு. கோப்பு மூடப்பட்டதும் எழுத்தைத் தொடங்கிவிடும். சிங்க் என்ற மவுண்ட் விருப்பத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் சாதனத்தைத் தட்டி எழுப்புவதால் வேகம் படுத்துவிடும், ஃபிளாஷ் நினைவகமும் விரைவில் தேயும்.

அறிகுறி: வெளிவட்டைத் தொடாத நிரலின் பெயர் பதிவில் வருகிறது

பதிவில் பெயர் வந்த பணி பெரும்பாலும் பாதிக்கப்பட்டது, குற்றவாளி அல்ல. குற்றவாளியைக் காண, காத்திருக்கும் எல்லாப் பணிகளையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். பிஎஸ் கட்டளையில் நிலை, டபிள்யூசேன் (பணி கெர்னலில் எங்கே காத்திருக்கிறது என்பது), பெயர் ஆகிய பத்திகளைக் கேளுங்கள். நிலைப் பத்தியில் டி (டிஸ்க் என்பதன் முதல் எழுத்து) உள்ளவை குறுக்கிட முடியாத உறக்கத்தில் இருப்பவை. இன்னும் தெளிவாக வேண்டுமென்றால், ரூட் பயனராக, ப்ராக் அடைவில் உள்ள சிஸ்ஆர்க்யூ டிரிக்கர் கோப்பில் டபிள்யூ என்ற ஒற்றை எழுத்தை எழுதுங்கள். தடைப்பட்ட பணிகள் அனைத்தின் அழைப்பு அடுக்கையும், அதாவது பணி எந்தெந்தச் செயற்கூறுகள் வழியே வந்து நிற்கிறது என்ற பட்டியலையும், கெர்னல் பதிவில் கொட்டிவிடும். 120 விநாடி காத்திருக்கத் தேவையில்லை.

அடுக்கில் மேலிருந்து நான்கைந்து பெயர்களைப் படித்தாலே போதும். ஜேபிடி2 என்று தொடங்கினால் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் குறிப்பேடு (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பகுதி) எழுதி முடிக்கக் காத்திருக்கிறது. ஜேபிடி2 இழையின் பெயரிலேயே வட்டுப் பகிர்வின் பெயரும் ஒட்டியிருக்கும், எந்த வட்டு என்பது அப்போதே தெரிந்துவிடும். ஃபோலியோ வெயிட் பிட் அல்லது பேஜ் பிட் என்றால் ஒரு பக்கம் எழுதப்படவோ படிக்கப்படவோ காத்திருக்கிறது. பிளாக் எம்க்யூ கெட் டேக் என்றால் சாதனத்தின் வரிசையே நிரம்பிவிட்டது. ஃபியூஸ் என்று வந்தால் கெர்னலை விட்டுவிட்டு, என்டிஎஃப்எஸ்-3ஜி போன்ற பயனர்வெளிக் கோப்பு முறைமைச் செயலியைப் பாருங்கள்.

பேலன்ஸ் டர்ட்டி பேஜஸ் என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். நிரலைப் பாக்கி வரம்பில் இழுத்துப் பிடிக்கும் இடம் அதுதான். ஆனால் அங்கே ஒவ்வொரு உறக்கமும் 200 மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும், பணி விழித்து மறுபடி உறங்கும். அதனால் 120 விநாடி எச்சரிக்கையில் அது அநேகமாக வராது, டபிள்யூ எழுத்தால் எடுத்த பட்டியலில்தான் வரும். பல நிரல்கள் அங்கே நின்றால், முதல் அறிகுறியின் தீர்வுக்குத் திரும்புங்கள்.

சுமைச் சராசரி எகிறிக் கிடந்து, செயலி மட்டும் சும்மா இருப்பதும் இதோடு வரும் காட்சி. டி நிலைப் பணிகளையும் லினக்ஸ் சுமையாக எண்ணுகிறது. கெர்னல் 4.20 முதல் ப்ராக் அடைவில் உள்ள பிரெஷர் அடைவின் ஐஓ கோப்பு இதைவிட நேர்மையான அளவுகோல்.

அறிகுறி: பாக்கி குறையவில்லை, பதிவில் ரீசெட் வரிகள் தொடர்ந்து வருகின்றன

இப்போதுதான் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். வட்டுக்கு அனுப்பிய கட்டளைக்குப் பதில் வர கெர்னல் இயல்பாக 30 விநாடி காத்திருக்கிறது, வராவிட்டால் கைவிட்டு, இணைப்பை மீட்டமைத்து, மறுபடி அனுப்புகிறது. ஐந்து முறை வரை மறுமுயற்சி நடக்கலாம். பதில் சொல்லாத ஒரே கட்டளை பல நிமிடங்களை விழுங்குவது இப்படித்தான்.

முதலில் கேபிளை மாற்றுங்கள். சொல்வதற்கு எளிமையாக இருக்கிறது என்று தள்ளிவிடாதீர்கள், நான் கண்ட ரீசெட் தொல்லைகளில் கேபிள்தான் அதிகம். அடுத்து மின்சாரம். யுஎஸ்பி 2.0 துறை 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3.0 துறை 900 மில்லிஆம்பியர் தருவதற்கே வகுக்கப்பட்டவை. சுழலும் வட்டு எழும்பும் நொடியில் இதைவிட அதிகம் இழுக்கக்கூடும். தனி மின்னிணைப்பு இல்லாத ஹப்பில் இரண்டு வட்டுகளைத் தொங்கவிட்டால் ஒன்று தடுமாறுவதில் வியப்பில்லை.

கேபிளும் மின்சாரமும் சரி என்றால் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை ஹைபன் டி (ட்ரீ என்பதன் முதல் எழுத்து, சிற்றெழுத்தில்) சேர்த்துப் பாருங்கள். வட்டுக்கு நேரே 480எம் என்று இருந்தால் அது யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிட்டது. இயக்கி யுஏஎஸ் (யுஎஸ்பி வட்டுகளோடு வேகமாகப் பேசும் நெறிமுறை) என்று இருந்து, கெர்னல் பதிவிலும் யுஏஎஸ் அபார்ட் வரிகள் வந்தால், வட்டையும் யுஎஸ்பியையும் இணைக்கும், உறையிலுள்ள பாலச் சில்லு அந்த நெறிமுறையைச் சரியாகக் கையாளவில்லை என்று கொள்ளலாம். யுஎஸ்பி ஸ்டோரேஜ் கூறுக்கு குவர்க்ஸ் என்ற அமைப்பில் சாதனத்தின் உற்பத்தியாளர் எண், பொருள் எண் இரண்டையும் கொடுத்து, முடிவில் யூ என்ற சிற்றெழுத்தைச் சேர்த்தால் அந்த வட்டுக்கு மட்டும் யுஏஎஸ் நிறுத்தப்படும். வேகம் கொஞ்சம் குறையும், உறைதல் நிற்கும்.

அறிகுறி: சில நிமிடம் நல்ல வேகம், பிறகு ஆமை வேகம்

சாதனத்துக்குள்ளேயே ஒரு தாங்கல் நிரம்பிவிட்டது. மலிவான ஃபிளாஷ் சாதனங்களில் வேகமான சிறு பகுதி நிரம்பியதும் மெதுவான பகுதி வெளிப்படும். தடங்களை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் எஸ்எம்ஆர் வட்டுகளில், ஒரு சிறு மாற்றத்துக்கும் பெரிய பகுதியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். உள் தாங்கல் நிரம்பிய பின் வேகம் விநாடிக்குச் சில எம்பிக்குச் சரியலாம். ஐஓஸ்டாட் கட்டளையை ஹைபன் எக்ஸ் சேர்த்து ஓட்டினால், பயன்பாடு 100 சதவீதத்திலும் எழுத்துக் காத்திருப்பு ஆயிரக்கணக்கான மில்லிவிநாடிகளிலும் நிற்பதைக் காணலாம்.

இந்த வட்டுகள் பெரிய கோப்புகளை வரிசையாக எழுதுவதற்கு ஏற்றவை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி அனுப்பினால் நிலைமை கண்கூடாக மாறும். இடையிடையே வட்டைச் சும்மா விட்டால் அது தன் உள்வேலையை முடித்துக்கொள்ளும்.

பென் டிரைவ் அளவுக்கு மீறி மெதுவாக இருந்து, எழுதிய கோப்புகளும் சிதைந்தால், அது பொய்க் கொள்ளளவு காட்டும் போலியாக இருக்கலாம். எஃப்3 என்ற கருவியால் முழுதும் எழுதி மறுபடி படித்துச் சோதியுங்கள்.

அறிகுறி: எழுதவே இல்லை, படிக்கும்போதே உறைகிறது

குறிப்பிட்ட ஒரு கோப்பைத் தொட்டால் மட்டும் உறைந்தால், அதன் அடியில் கெட்ட செக்டர் இருக்கக்கூடும். வட்டு தனக்குள் மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கிறது, அதுவரை பதிலில்லை. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் சாதன வகையை சாட் என்று குறித்தால் பெரும்பாலான யுஎஸ்பி உறைகளின் வழியே வட்டின் நலக் குறிப்புகளைப் படிக்கலாம். 197ஆம் வரியான நிலுவைச் செக்டர் எண்ணிக்கை சுழியத்துக்கு மேல் இருந்தால் கோப்பு முறைமைப் பழுதுபார்ப்பில் இறங்காதீர்கள். முதலில் டிடிரெஸ்கியூ கொண்டு வட்டு முழுவதையும் வேறொரு நல்ல வட்டுக்குப் பிம்பம் எடுங்கள். பழுதுபார்ப்பது அந்தப் பிம்பத்தின் பிரதியில் நடக்கட்டும்.

அறிகுறி: தடைப்பட்ட பணியைக் கொல்ல முடியவில்லை

கில் கட்டளையில் 9 கொடுத்தாலும் போகாது. குறுக்கிட முடியாத உறக்கம் என்ற பெயரின் பொருளே அதுதான்: சாதனம் பதில் சொல்லும்வரை, அல்லது கெர்னல் பிழை என்று முடிவு கட்டும்வரை, எந்தச் சமிக்ஞையும் அந்தப் பணியை எட்டாது. பாக்கி குறைந்துகொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். சாதனம் செத்துவிட்டது உறுதியானால் மட்டும், சிஸ் அடைவில் பிளாக் என்ற பகுதியில் அந்த வட்டின் டிவைஸ் அடைவுக்குள் உள்ள டிலீட் கோப்பில் 1 எழுதுங்கள். காத்திருக்கும் கோரிக்கைகள் பிழையோடு திரும்பி, பணிகள் விடுபட வாய்ப்புண்டு. எழுதப்படாத பாக்கி தொலைந்துவிடும், வட்டின் பெயரை இருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்வட்டின் பெயரை எழுதிவிட்டால் இயங்கும் கணினியின் காலடித் தரையே போய்விடும்.

அறிகுறி: மடிக்கணினி உறக்க நிலைக்குப் போக மறுக்கிறது

மூடியை மூடியும் விசிறி ஓடுகிறது, பதிவில் பணிகளை உறையவைக்க 20 விநாடிக்குள் முடியவில்லை என்று இருக்கிறது. டி நிலையில் உள்ள பணியை உறையவைக்க இயலாது, அதனால் கெர்னல் உறக்கத்தைக் கைவிட்டுவிடுகிறது. அந்த நிலையிலேயே பைக்குள் திணித்தால் கணினி சூடேறும். வெளிவட்டை அன்மவுண்ட் செய்து, கட்டளை திரும்பிய பின் மூடியை மூடுங்கள். டர்ட்டி, ரைட்பேக் இரண்டும் சில நூறு கேபிக்குள் இறங்கியிருப்பதையும் அப்போது பார்த்துவிடலாம்.